வைத்தியர் வூ லியன் தே சரித்திரம்

திண்டுக்கல் மலைக்கோட்டையை அண்ணாந்து நோக்கும் நம்மவர்க்கு ஹைதர் அலியும் திப்புவும் நினைவுக்கு வருவரேயன்றி, அம்மலையைச் சூழ்ந்த சமவெளியில் 1809ஆம் ஆண்டு முதல் 1811ஆம் ஆண்டு வரை பரவிய கொடிய காய்ச்சல் நினைவுக்கு வருவதில்லை. கோயமுத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி என்னும் நான்கு நாடுகளையும் வாட்டிய அக்காய்ச்சலின் காரணத்தை ஆராயும்படி வைத்தியர் குழுவொன்று நியமிக்கப்பட்டது. எயின்ஸ்லி முதலியோர் எழுதிய அவ்வறிக்கை 1816இல் அச்சேறியது. காற்றின் கேடு, பருவத்தின் பிறழ்ச்சி, சேற்று நிலத்து ஆவி என்பவையே அக்காலத்து வைத்தியர் பொதுவாகக் கூறிவந்த காரணங்கள். காற்றிலே ஏதோ தீங்கு இருக்கின்றது என்று எண்ணினர். அஃது இன்னதென்று அறிந்திலர்.

அதன்பின் இருநூறாண்டு கழிந்து 2020இல் கொரோனாக் கொள்ளைநோய் வந்தபொழுது, அது மூச்சின் வழியாகப் பரவுகின்றது என்பதும், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் ஓரளவு தடைப்படும் என்பதும் சின்னாளபட்டித் தறிக்காரர் முதல் வேடசந்தூர் நூற்பாலைத் தொழிலாளர் வரை யாவர்க்கும் தெரிந்த செய்தியாயின. யாம் அப்பொழுது பள்ளிப் பிள்ளைகள். துணி உலர்த்தும் கொடிகளில் சேலை வேட்டிகளுக்கு நடுவே முகக்கவசங்களும் தொங்கியதைக் கண்டிருக்கின்றோம். சித்திரை வெயிலில் ஒரு பகல் கிடந்தால் எக்கிருமியும் மாளும் என்பது ஊரார் நம்பிக்கை. அந்நாளிலேயே பல தேசத்து மருத்துவமனைகளில், ஒருமுறை அணிந்து எறியவேண்டிய கவசங்கள் போதாமற் போனமையால், அவற்றைப் புறஊதா ஒளியிற் காட்டித் தூய்மை செய்து மீண்டும் அணியலாமா என்னும் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அக்கவசங்களுக்கெல்லாம் மூதாதையாகிய ஒன்றை 1910ஆம் ஆண்டின் கடுங்குளிரில் பஞ்சும் துணியும் கொண்டு அமைத்த ஒருவருடைய வாழ்க்கையை ஈண்டு எழுதப் புகுந்தோம். ஒளியைப் பற்றிய செய்தியையும் உரிய இடத்தில் கூறுவோம்.

வூ லியன் தே 1879ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆம் நாள் பினாங்குத் தீவில் பிறந்தார். பினாங்கு தமிழர்க்குப் புதிய பெயரன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் இறங்கும் துறைகளுள் அதுவும் ஒன்று. தமிழ் முஸ்லிம் வணிகரால் பெயர் பெற்ற சூலியாத் தெருவும், அவர்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், மாரியம்மன் கோயிலும் அந்நகரில் இன்றும் உள்ளன. சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் அடுத்தடுத்துக் குடியிருந்த அவ்வூரில், தென்சீனத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர் ஒருவருடைய மகனாக வூ வளர்ந்தார். தாயார் பினாங்கிலேயே பிறந்த சீனப் பெண்மணி. பிள்ளைகள் பலர் நிறைந்த வீடு அது.

பினாங்கு பிரீ ஸ்கூலில் கற்ற இவர், அக்காலத்து மலாய் நாட்டு மாணவர் எல்லாரும் விரும்பிய குயின்ஸ் ஸ்காலர்ஷிப் என்னும் பரிசைப் பெற்று, 1896இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் இம்மானுவேல் கல்லூரியிற் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்ற முதற் சீனர் இவரே. பின்னர் லண்டனில் செயின்ட் மேரி மருத்துவமனையில் பயின்றார். அதன்பின் லிவர்ப்பூலுக்குச் சென்று, சிகந்தராபாத்தில் 1897இல் கொசுவின் வயிற்றுள் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ் என்பாரிடம் பாடங்கேட்டார். ஜெர்மனியில் ஹாலே நகரிலும், பாரிஸில் பாஸ்டர் நிலையத்திலும் கிருமி நூலைக் கற்றார். நோயின் காரணத்தைக் கண்ணாற் கண்டாலன்றி நம்பாத பழக்கம் அவ்விடங்களில் அவருக்குப் படிந்தது என்று கொள்ளலாம். பின்னாளில் அவர் உயிரையும் பல்லாயிரவர் உயிரையும் காத்தது அப்பழக்கமே.

1903இல், இருபத்துநான்கு வயதில், கேம்பிரிட்ஜின் உயர்ந்த மருத்துவக் கல்வியோடு தாய்நாடு திரும்பியவர்க்கு அரசாங்கத்தில் தக்க உத்தியோகம் கிடைக்கவில்லை. மலாய் நாட்டு மருத்துவப் பகுதியின் உயர்ந்த பதவிகள் ஐரோப்பியர்க்கே உரியனவாக இருந்தன. கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஓராண்டு பெரிபெரி நோயை ஆராய்ந்தபின், பினாங்கில் தாமே வைத்தியசாலை வைத்துக்கொண்டார். இக்காலத்தில் அவர் அபினியை எதிர்த்து மேடைதோறும் பேசினார். அபினி விற்பனையால் வரும் வரியோ அரசாங்கத்தின் வருவாயில் பெரும்பங்கு. 1907இல் அவர் வைத்தியசாலையைச் சோதனையிட்டு, மருந்துக்கென வைத்திருந்த ஓர் அவுன்சு அபினிச் சாரம் கண்டு வழக்குத் தொடுத்து அபராதம் விதித்தனர். அபினியை ஒழிக்கப் புகுந்தவரே அபினி வைத்திருந்த குற்றவாளியானார். அவ்வழக்கின் உள்நோக்கத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவமதிப்புற்று நின்ற அந்நேரத்தில் சீன அரசாங்கத்தாரிடமிருந்து அழைப்பு வந்தது. தியன்ட்சின் நகரத்து இராணுவ மருத்துவக் கலாசாலைக்குத் துணைத் தலைவராக 1908இல் சென்றார். ஆங்கிலத்தில் தேர்ந்த அச்சீனர்க்கு வடசீனத்து மொழி நன்கு வாராது. தம் முன்னோர் நாட்டிலேயே மொழி கற்கும் மாணவராக வாழ்ந்தார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் ஒரு நோய் தோன்றிற்று. சைபீரிய எல்லையில் தர்பகான் என்னும் மலையணில் போன்றதொரு பிராணி உண்டு. அதன் தோலுக்கு ஐரோப்பாவில் விலையேறவே, வேட்டைத்தொழில் அறியாத ஏழைகள் ஆயிரக்கணக்கிற் சென்று, நோயுற்ற பிராணிகளையும் விடாது பிடித்து உரித்தனர். குளிருக்கு அஞ்சிக் காற்று நுழையாத சத்திரங்களில் நெருங்கிப் படுத்தனர். சீனப் புத்தாண்டு நெருங்கவே, புதிதாக வந்த இருப்புப்பாதை வழியே ஊர் நோக்கிப் புறப்பட்டனர். இருமல், இரத்தம் கலந்த கோழை, நீலம் பாய்ந்த முகம், இரண்டொரு நாளில் மரணம். நோய் கண்டு பிழைத்தவர் அநேகமாக ஒருவரும் இலர்.

வெளிநாட்டு அலுவலகத்தின் தந்தி பெற்று, முப்பத்தொரு வயதினராகிய வூ ஒரு மாணாக்கரையும் ஒரு நுண்பெருக்கியையும் உடன்கொண்டு, டிசம்பர் 24ஆம் நாள் ஹார்பின் நகரை அடைந்தார். உலகமெல்லாம் கிறிஸ்து பிறந்த நாளைக் கொண்டாடக் காத்திருந்த இரவு அது. அந்நகரை அடுத்த ஃபூஜியாதியென் என்னும் சீனச் சேரியில் இருபத்துநாலாயிரம் பேர் வாழ்ந்தனர். நீர்நிலைகள் யாவும் பாறைபோல் உறைந்து கிடந்தன.

இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்தல் சீன வழக்கத்துக்கு மாறானது, சட்டமும் இடந்தரவில்லை. ஆயினும், சத்திரத்தில் இறந்த ஜப்பானிய மாது ஒருத்தியின் உடலை வூ டிசம்பர் 27ஆம் நாள் மறைவாக ஆராய்ந்தார். நுரையீரலிலும் இரத்தத்திலும் பிளேக் நோயின் கிருமிகள் நிறைந்திருந்தன. ஆனால் அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறிகட்டி இல்லை. இங்கே ஒரு செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். பம்பாயில் 1896 முதல் மூண்ட பிளேக்கை ஆராய்ந்தவர், அது எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சியின் வழியாய் மனிதர்க்கு வருகின்றது என்று காட்டியிருந்தனர். 1898இல் கராச்சியில் சீமோன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைச் சோதனையாற் காட்டினார். பின்வந்த ஆராய்ச்சிக் குழுவும் அதனை உறுதி செய்தது. இந்தியாவில் கிடைத்த அந்த உண்மை உலகத்து வைத்தியர்க்கெல்லாம் வேதவாக்காயிற்று. எனவே ஹார்பினிலும் எலிகளையே தேடினர். ஜப்பானிய வைத்தியர் ஒருவர் எலிகளை அறுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றிலும் கிருமி அகப்படவில்லை. அகப்படாத எலியை மேலும் தேடுவதை விட்டு, எலியே இல்லாமல் நோய் பரவுகின்றதென்றால் மனிதன் மூச்சே மனிதனைக் கொல்கின்றது என்னும் முடிவுக்கு வந்தவர் வூ. ஓர் உண்மையைக் கற்றவன் அதற்குப் புறம்பான மற்றோர் உண்மையைக் காண்பது எத்துணை அரிது என்பதனை நினைந்தால், இம்முடிவின் பெருமை விளங்கும்.

மூச்சு கொல்லுமாயின் மூச்சை வடிகட்ட வேண்டும். மூன்றடி நீளமுள்ள மென்வலைத் துணியை இரண்டாக மடித்து, நடுவே ஆறங்குல நீளமும் நான்கங்குல அகலமும் உள்ள பஞ்சுப் பட்டையை வைத்து, இரு முனைகளையும் வார்களாகக் கீறித் தலையின் பின்னே கட்டிக்கொள்ளும்படி செய்தார். விலை சில காசுகளே. எந்த ஊரிலும் எவரும் தைக்காமலே செய்துகொள்ளத் தக்கது. அறுவை வைத்தியர்கள் மெல்லிய துணியால் வாயைக் கட்டும் வழக்கம் ஐரோப்பாவில் 1897 முதலே உண்டு. ஆதலின் முகக்கவசத்தை முதன்முதற் கண்டவர் வூ என்று சிலர் எழுதுவது பொருந்தாது. மருத்துவச்சாலையில் நோயாளியின் புண்ணைக் காக்கக் கட்டிய துணியை, வீதியில் நடப்பவன் தன் நுரையீரலைக் காக்கக் கட்டும் கவசமாக்கியதே இவர் செய்த புதுமை. வைத்தியர், ஏவலர், போலீசார், பிணஞ்சுமப்போர் முதலாய எல்லார்க்கும் அதனைக் கட்டளையாக்கினார்.

எல்லாரும் ஏற்றாரல்லர். தியன்ட்சின் மருத்துவப் பள்ளியின் ஆசிரியராகிய மெஸ்னி என்னும் பிரெஞ்சு வைத்தியர் ஜனவரி தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். வயதிலும் பழக்கத்திலும் மூத்தவர். நெறிகட்டும் பிளேக்கை முன்னமே எதிர்த்துப் போராடியவர். வூ சொன்ன மூச்சுக் கொள்கையை அவர் ஒப்பவில்லை. சீன இளைஞன் ஒருவன் தமக்குப் பாடஞ் சொல்வதா என்று சினந்து, அவர் இனத்தையும் இழித்துப் பேசினார். வூ எதிர்மொழி கூறாது வெளிவந்து, தம்மைப் பொறுப்பினின்றும் நீக்குமாறு தந்தியடித்தார். அரசாங்கத்தார் வூவையே நிறுத்திக்கொண்டனர். மெஸ்னியோ ருஷியர் நடத்திய பிளேக் மருத்துவமனைக்குச் சென்று, முகத்தில் யாதொரு கவசமும் இன்றி நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாளில் இருமல் கண்டது. ஜனவரி 11ஆம் நாள் இறந்தார். அவர் கோழையராயிருந்து இறந்தவர் அல்லர். நோயாளியின் மார்பில் அஞ்சாது காது வைத்த வைத்தியர் அவர் என்பதையும் மறத்தலாகாது. அவர் மரணம் கேட்ட அன்றிலிருந்து ஹார்பின் மாந்தர் கட்டளை இன்றியே முகத்தைக் கட்டிக்கொண்டனர். சிலர் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிந்தனராம். நாம் அறிந்த காட்சிதான்.

பின்பு நடந்தவற்றை விரைந்து கூறுவோம். ஃபூஜியாதியென் நான்கு பகுதிகளாக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியாரும் தத்தமக்குரிய நிறப்பட்டையைக் கையில் அணிந்தே நடமாடினர். நோயாளியோடு பழகியவர்களைத் தனித்து வைக்க இருப்புப்பாதையாரிடம் சரக்கு வண்டிகள் இரவல் வாங்கப்பட்டன. படைவீரர் ஆயிரவர்க்கு மேல் வந்து ஊரைச் சூழ்ந்து நின்றனர். பிளேக் மருத்துவமனையாயிருந்த கட்டடம் எரியூட்டப்பட்டது. இவ்வளவு செய்தும் ஒன்று எஞ்சிற்று. நிலம் பல அடி ஆழம் உறைந்துபோனமையால் பிணங்களைப் புதைக்க முடியாது, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உடல்கள், சில பெட்டியுள்ளும் பல வெளியிலுமாக, இடுகாட்டில் அடுக்கிக் கிடந்தன. எலிகள் அவற்றைக் கடித்தால் நோய் மீண்டும் வேறு வழியே புகும். முன்னோர் உடலை எரித்தல் சீனர்க்குப் பெரும்பாவம். வூ உள்ளூர் அதிகாரிகளை அவ்விடத்துக்கு அழைத்துச் சென்று கண்ணாற் காணச் செய்தார். கண்டவர் மறுக்கவில்லை. பேரரசரின் அனுமதியை வேண்டித் தந்தி சென்றது, அனுமதி வந்தது. 1911 ஜனவரி 31ஆம் நாள், சீனப் புத்தாண்டின் மறுநாள், மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தனர். ஒரு சமுதாயத்தின் வழக்கத்தை வற்புறுத்தி முறிக்காது, காட்டி ஒப்பச் செய்தார் என்பதே ஈண்டு எம் மனத்தைக் கவர்வது. மார்ச்சு முதல் நாளோடு ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியா முழுதும் இறந்தார் தொகை அறுபதினாயிரம் என்பர்.

அவ்வாண்டு ஏப்ரல் மாதம் முக்டென் நகரில் பதினொரு தேசத்து வைத்தியர் கூடிய மாநாட்டுக்கு வூவே தலைவர். பிளேக் கிருமியைக் கண்டவருள் ஒருவராகிய கிதசாத்தோவும் அவையில் இருந்தார். அங்குக் கவசமும் ஆராய்ச்சிக்கு உள்ளாயிற்று. மாநாடு முடிந்தபின் பார்பர், டீக் என்னும் அமெரிக்கர் இருவர், தீங்கு செய்யாத செந்நிறக் கிருமியை நீரிற் கலந்து, கவசம் அணிந்தவர் முகத்தெதிரே தெளித்து, உட்புறம் எவ்வளவு புகுகின்றது என்று அளந்தனர். மென்துணிக் கவசங்களிற் கிருமி புகுந்தது; விளிம்பிலும் நுழைந்தது. வூவின் கவசம் குறைவற்றதன்று என்று அச்சோதனை காட்டிற்று. கவசத்தைப் புகழ்ந்தவர் பலர், அளந்தவர் சிலர். அளந்தவரால்தான் அது வளர்ந்தது.

இவ்விடத்தில் சரித்திரத்தைச் சற்றே நிறுத்தி ஒளியின் கதையைச் சொல்லவேண்டும். வூ பிறப்பதற்கு இரண்டாண்டு முன்னர், 1877இல், டவுன்ஸ், பிளன்ட் என்னும் ஆங்கிலேயர் இருவர், வெயிலில் வைத்த கண்ணாடிக் குழாய்களுள் கிருமிகள் பெருகாது ஒழிதலைக் கண்டனர். ஊதா நிறத்தின் பக்கத்து ஒளியே அவற்றுக்குப் பெரும்பகை என்பதும் தெரிந்தது. தோலைத் தின்னும் ஒருவகைக் காசநோயை ஒளியால் நீக்கிய நீல்ஸ் பின்சென் என்னும் டேனிஷ் வைத்தியர், வூ மலாய் நாடு திரும்பிய அதே 1903இல் நோபெல் பரிசு பெற்றார். பின்னர் கேட்ஸ் என்னும் அமெரிக்கர், கிருமியைக் கொல்லும் ஒளி உயிரணுவின் நியூக்ளிக் அமிலம் உறிஞ்சும் ஒளியே எனக் காட்டினார். அவ்வமிலமே கிருமி தன்னைப்போல் மற்றொன்றைப் படைக்கும் எழுத்துச்சுவடி. ஒளி அச்சுவடியின் எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றது. படிக்க இயலாத சுவடியை வைத்துக்கொண்டு கிருமி பெருக மாட்டாது. கவசமும் ஒளியும் இவ்வாறு தனித்தனி ஆறுகளாய் நெடுங்காலம் ஓடின.

அவை கூடியதற்குக் காரணம் கவசத்தின் மாறுதல். இக்காலத்து மருத்துவர் அணியும் என்-95 கவசம் பஞ்சன்று. பாலிபுரொப்பிலீன் என்னும் பொருளை உருக்கி ஊதிய நுண்ணிழைத் தாள். அவ்விழைகளில் மின்னேற்றம் நிலைபெறச் செய்யப்பட்டுள்ளது. உலர்ந்த கூந்தலிற் சீவிய சீப்பு காகிதத்துணுக்கை இழுப்பதுபோல அம்மின்னேற்றம் நுண்துகளை இழுத்துப் பிடிக்கின்றது. இம்முறையை வளர்த்தவருள் தைவானிற் பிறந்த பீட்டர் சாய் ஒருவர். 2020இல் ஓய்வை விட்டு மீண்டும் ஆராய்ச்சிக்கு வந்தார். இக்கவசத்தைச் சவுக்காரமிட்டு அலசினாலும் சாராயத்தில் தோய்த்தாலும் மின்னேற்றம் அழிந்துபோம்; வடிவம் மாறாது, காவல் மட்டும் நீங்கிவிடும். காவல் நீங்கியதை அணிந்தவன் அறியான் என்பதே இதிலுள்ள ஆபத்து.

ஒளியோ நனைப்பதில்லை, அதனால் அதனை நாடினர். பாதரச ஆவி விளக்கிலிருந்து 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளி எளிதிற் கிடைக்கும். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மருத்துவமனையார் 2020 மார்ச்சு மாதத்தில், ஓர் அறையிற் கொடி கட்டிக் கவசங்களை வரிசையாகத் தொங்கவிட்டு, இருபுறமும் ஒளித்தூண்களை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் உரியவர் பெயரை எழுதி, அவரவர்க்கே திருப்பிக் கொடுத்தனர். மேசைமேற் கிடக்கும் வைரசை ஒழிக்கச் சிறிதளவு ஒளி போதும். ஆனால் கவசம் பல அடுக்கு உடையது, மேலடுக்கே ஒளியின் பெரும்பகுதியை உண்டுவிடும். ஆதலின் இருபுறமும் சதுர சென்டிமீட்டருக்கு 1 ஜூல் அளவேனும் ஒளி விழவேண்டும் என்று ஆராய்ந்தோர் வரையறுத்தனர். மடிப்பின் நிழலில் ஒளி புகாது. காதிலோ தலையிலோ மாட்டும் வார் முழுதும் ஒளி படாது. அதனை வேறு முறையால் துடைக்க வேண்டும். முகப்பூச்சும் அழுக்கும் படிந்தால் அவை ஒளிக்குத் திரையாகும். ஒளி மிகுந்தாலும் கேடு: முன்னரே 2015இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மிகப் பெரிய அளவு ஒளியைச் செலுத்திப் பார்த்து, வடிகட்டும் திறன் சிறிதே குறைந்தாலும் தாளின் வலிமை பெரிதும் குன்றுவதைக் கண்டிருந்தனர். முகத்தோடு இறுகப் பொருந்தாத கவசம், எத்துணைத் தூயதாயினும் பயனற்றது.

இனி நம்மூர் வெயிலின் செய்தி. கிருமியை விரைந்து கொல்லும் இக்குறுகிய புறஊதா ஒளி கதிரவனிடத்தும் உண்டு. ஆயினும் விண்ணிலுள்ள ஓசோன் அதனை முற்றும் தடுத்துவிடுகின்றது. மலைக்கோட்டைப் பாறை காலைச் சுடும் சித்திரை நடுப்பகலிலும் அதில் ஒரு துளி நமக்கு வாராது. வருவன மற்ற இரு வகையே. அவற்றுள் ஒன்றாகிய நடுவகை ஒளியும் கிருமியை ஒழிக்கும். ஆனால் மெல்ல ஒழிக்கும், படும் பக்கத்தை மட்டும் ஒழிக்கும், எவ்வளவு பட்டது என்று அளக்கவும் வீட்டில் வழியில்லை. துணிக்கவசத்தைப் பொறுத்தவரை இதனால் இழப்பில்லை. அதனைச் சவுக்காரமிட்டுத் துவைத்தபொழுதே வைரசின் கொழுப்பு உறை கரைந்துவிடும், வெயில் செய்வது உலர்த்தும் வேலையே. மருத்துவமனைக் கவசத்தை வெயிலை நம்பி மீண்டும் அணிதல் தகாது. கடைகளில் விற்ற கைவிளக்குகளையும் யாம் ஐயுறுகின்றோம். அவற்றுட் பல போதிய ஒளி தாரா. போதிய ஒளி தருவனவோ கண்ணையும் தோலையும் புண்ணாக்கும்.

நம் நாட்டிலும் 2020இல் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையினர் புறஊதாக் கருவிகள் இரண்டை வெளியிட்டனர். தில்லியில் அமைந்தது, அறைகளைத் தூய்மை செய்ய ஆறு விளக்கு பூட்டிய தூண். பன்னிரண்டடிச் சதுர அறைக்குப் பத்து நிமிடம் என்று கணக்கிட்டனர். ஆள் உள்ளே நுழைந்தால் விளக்கு தானே அணையும். ஐதராபாத்தில் அமைந்தது, கைப்பேசியும் பணத்தாளும் வைக்கும் பெட்டி. இவை தட்டையான பொருளுக்கும் திறந்த அறைக்கும் ஏற்றவை. மடிப்பும் அடுக்கும் உள்ள கவசத்துக்கு வேண்டிய கணக்கு வேறு. கவசங்கள் மீண்டும் தாராளமாய்க் கிடைத்தபின், 2021 ஜூன் இறுதியில், கவசத்தைத் தூய்மைசெய்து மீண்டும் அணிய அளித்திருந்த அவசர அனுமதிகளை அமெரிக்க மருந்து நிருவாகத்தார் விலக்கிக்கொண்டனர். பஞ்சகாலத்துக் கஞ்சி அது. நெல் விளைந்தபின் அதனையே உண்ணுமாறு ஒருவரும் சொல்லார்.

சரித்திரத்துக்கு மீள்வோம். 1912இல் வடமஞ்சூரியப் பிளேக் தடுப்புச் சேவை என்னும் அமைப்பு வூவின் தலைமையில் ஹார்பினில் தோன்றியது. 1920–21இல் நோய் மீண்டும் வந்தபொழுது அவ்வமைப்பு ஆயத்தமாயிருந்தது. இறந்தவர் ஒன்பதினாயிரத்துச் சொச்சம். முன்னைய தொகையோடு ஒப்பிட்டுக் காண்க. 1926இல் நுரையீரற் பிளேக்கைப் பற்றி அவர் எழுதிய பெருநூலைச் சர்வதேச சங்கத்தார் வெளியிட்டனர். சீன மருத்துவச் சங்கத்தை நிறுவியவருள் ஒருவர். துறைமுகங்களில் கப்பல்களைச் சோதிக்கும் அதிகாரம் அந்நியரிடமிருந்து சீனர் கைக்கு 1930இல் மாறியபொழுது அதற்கும் தலைவர். 1935இல் நோபெல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது; பரிசு கிடைக்கவில்லை.

புகழோடு துன்பமும் உடன்வந்தது. மஞ்சூரியாவை ஜப்பானியர் கைப்பற்றிய 1931இல் ஒற்றர் என ஐயுற்று அவரைப் பிடித்து வைத்தனர். 1937இல் ஷாங்காயில் போர் மூண்டு அவர் வீடும் அழிந்தது. அவ்வாண்டிலேயே மனைவியாரையும் இழந்தார். முப்பதாண்டு உழைத்த நாட்டை விட்டு மலாய் நாடு திரும்பி, ஈப்போ நகரில் சாதாரண வைத்தியராக அமர்ந்தார். பேரரசர்க்குத் தந்தியடித்தவர், இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து எழுதிக்கொண்டு சிறு வைத்தியசாலையில் இருந்தார். உலகப்போரில் ஜப்பானியர் மலாய் நாட்டையும் பிடித்தனர். அப்பொழுது காட்டுப் போராளிகள் அவரைக் கடத்திச் சென்று பணம் பெற்று விடுவித்தனர். பணம் கொடுத்ததே குற்றமென்று ஜப்பானியர் துன்புறுத்த முற்பட்டனர். அவரிடம் வைத்தியம் செய்துகொண்ட ஜப்பானிய அதிகாரி ஒருவரால் தப்பினார் என்பர்.

அமைதி வந்தபின் ஈப்போவில் பொது நூல்நிலையம் ஒன்று ஏற்பட வேண்டுமென்று வீடுவீடாகப் பொருள் திரட்டினார். அந்நூல்நிலையம் இன்றும் உளது. 1959இல் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வெளியிட்டார். அதில் தம்மை நான் என்று கூறாது, வேறொருவர் கதையைச் சொல்வதுபோல வைத்தியர் வூ என்றே எழுதிச் செல்கின்றார். அந்நூல் வந்த மறுவருடம், 1960 ஜனவரி 21ஆம் நாள், தாம் பிறந்த பினாங்கிலேயே எண்பதாம் வயதில் இறந்தார்.